கத்தரிக்கோலுக்குக் குரல் கொடுத்தவள்

எங்கள் அரசு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அதில் என்ன ஓடினாலும் ஒரு சொல் காதில் விழாது. ஒரு பக்கம் துவைக்கும் எந்திரங்கள் உருண்டுகொண்டிருக்கும். இன்னொரு பக்கம் உலர்த்தும் எந்திரங்கள் இரைந்துகொண்டிருக்கும். நடுவில் இஸ்திரி உருளை. ஈரப் போர்வையை இந்தப் பக்கம் நுழைத்தால் அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி வெளியே தள்ளும். அந்த இரைச்சலில் பெட்டியின் சத்தத்தை எவ்வளவு கூட்டியும் பயனில்லை என்று யாரோ ஒருநாள் அதை அடியோடு குறைத்துவிட்டார்கள். பிறகு யாரும் கூட்டவில்லை. படம் மட்டும் ஓடும். பேச்சு அக்காவின் பொறுப்பு.

அக்கா என்றால் உருளைக்குள் போர்வை நுழைக்கிறவள். நான் மறுபக்கம் நின்று, வெளியே வரும் போர்வையை வாங்குகிறவன். அவள் ஐம்பதைத் தாண்டிய, குள்ளமான பெண். குரல் மட்டும் ஆளைவிடப் பெரியது. அத்தனை எந்திரத்தையும் மீறிக் கூடத்தின் கடைசி மூலை வரைக்கும் போகும். பெட்டியில் யார் வாயசைத்தாலும் அவர்களுக்காக அவள் பேசுவாள். அதனால் எல்லாருக்கும் அவள் வர்ணனை அக்கா.

பள்ளிக்கூடம் முடித்த புதிதில் அவள் வானொலி அறிவிப்பாளர் வேலைக்குக் குரல் தேர்வுக்குப் போயிருக்கிறாள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், பெண் குரல் என்றால் காதுக்கு இதமாக இருக்க வேண்டும், உன் குரல் கனமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் ஆண்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாளாம் இவள். அவர் சிரிக்கவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. இதைச் சொல்லும்போது அவள் முகம் வாடி நான் பார்த்ததில்லை.

"கனம்னு அந்த ஆளு சரியாத்தான் சொன்னாரு. தூக்கத்தான் அவருக்குத் தெம்பில்ல" என்பாள்.

கால்பந்து ஓடினால் அவளுக்குக் கை இரட்டிப்பு வேகத்தில் நடக்கும். லேசாக இடித்ததற்கே தரையில் புரளும் ஆட்டக்காரனுக்காக, "ஐயோ, என்னைப் பெத்தவளே, இடிச்சது அவன் காலா, அவன் நிழலா, யாராவது பார்த்துச் சொல்லுங்க" என்று முனகுவாள். தொடர் நாடகத்தில் மாமியார் மருமகளை மூன்று கோணத்தில் முறைத்தால், கழுத்துக்குத் தைலம் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுப்பாள். பாட்டுப் போட்டியில் நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வது அவளுக்கு ஆகவே ஆகாது. பாடுகிறவள் அழலாம், கேட்கிறவள் அழலாம், சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் எதற்கு அழுகிறான் என்று கேட்பாள். ஆனால் ஒருமுறை ஒரு பெண் கையை ஆட்டாமல், தலையைச் சிலுப்பாமல், கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். அக்கா பேசவில்லை. இவளுக்கு நான் வாய் கொடுக்க மாட்டேன், வீட்டுக்குப் போய்ச் சத்தத்தோடு கேட்கப்போகிறேன் என்றாள். மறுநாள் அந்தப் பாட்டை உருளையின் தாளத்துக்கு முழுதாகப் பாடிக் காட்டினாள். கேலியே இல்லை. அவளுக்கு அப்படியும் பாட வரும் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அரசியலில் அவளுக்குக் கட்சி பேதம் கிடையாது. ஆள்கிறவரும் வாயசைப்பார், எதிர்க்கட்சிக்காரரும் வாயசைப்பார். இரண்டு பேருக்கும் ஒரே தராசு.

விவகாரம் ஒரு பாலத்தில் தொடங்கியது. அமைச்சர் ஒருவர் புதுப் பாலத்தைத் திறந்துவைக்க வந்தார். நேரலை. வெல்வெட் தட்டில் கத்தரிக்கோலை நீட்டினார்கள். அவர் நாடாவில் வைத்து அழுத்தினார். நாடா மடங்கியதே தவிர அறுபடவில்லை. மறுபடி அழுத்தினார். பக்கத்தில் நின்றவர்கள் அவசரப்பட்டு ஒருமுறை கைதட்டிவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஓர் அதிகாரி ஓடிப் போய் இன்னொரு கத்தரிக்கோலோடு வந்தார். அதற்கும் நாடா அசையவில்லை.

அக்கா போர்வையைக் கையில் பிடித்தபடியே முதலில் அமைச்சருக்குப் பேசினாள். கனத்த, பொறுமையான குரல். பிறகு கத்தரிக்கோலுக்குப் பேசினாள். கீச்சென்ற மெல்லிய குரல்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. நானும் உங்க வாக்குறுதி மாதிரிதான். பார்க்கப் பளபளன்னு இருப்பேன், வெட்ட மாட்டேன்."

கூடமே குலுங்கியது. கடைசியில் அமைச்சர் நாடாவைக் கையாலேயே இழுத்துக் கழற்றிவிட்டுப் பாலத்தில் நடக்கத் தொடங்கினார். நாடாவுக்கும் அவள் ஒரு வரி வைத்திருந்தாள். சிரிப்பில் அது எங்கள் காதில் விழவில்லை.

மடிப்பு மேசையில் வேலை பார்க்கும் பெண் அதைக் கைப்பேசியில் பிடித்திருந்தாள். தன் தங்கைக்கு அனுப்பினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. தங்கை தன் தோழிகளுக்கு அனுப்பினாள். அந்த வார முடிவுக்குள் பேருந்தில், கடையில், பள்ளிக்கூட வாசலில் எல்லாம் கத்தரிக்கோல் பேசிக்கொண்டிருந்தது. காய்கறி வாங்கப் போன இடத்தில் முன்பின் தெரியாத ஒரு கடைக்காரர், ஒரே ஒரு தடவை அந்தக் குரலில் பேசிக் காட்டுங்கள் என்று அக்காவைக் கெஞ்சினாராம். பேசிக் காட்டியிருக்கிறாள். மடிப்பு மேசைக்காரி பயந்து அழுதபோது அவளைச் சத்தம் போட்டாள். பேசினது நான், நீ எதற்கு மூக்கைச் சிந்துகிறாய் என்று.

நிர்வாக அதிகாரி கூப்பிட்டனுப்பினார். அவர் பொல்லாதவர் இல்லை. மேலே இருந்து வந்த தொலைபேசி அவரைப் பாடாய்ப் படுத்தியிருந்தது. மேசையில் கைப்பேசியை நிறுத்திவைத்து, தட்டச்சு செய்த ஒரு தாளையும் தயாராக வைத்திருந்தார். தெரியாமல் பேசிவிட்டேன், மனம் வருந்துகிறேன், மாண்புமிகு அமைச்சர் மன்னிக்க வேண்டும் என்று மூன்றே வரி. கூடவே போன எங்கள் மேற்பார்வையாளர் பிறகு அதை வார்த்தைக்கு வார்த்தை எங்களிடம் சொன்னார்.

"ஒரு நிமிஷ வேலைம்மா. படிச்சுட்டுப் போயிடுங்க" என்றார் அதிகாரி.

அக்கா தாளை வாங்கி மனசுக்குள் படித்தாள். "இதுல தப்பு இருக்கு சார். தெரியாமப் பேசலை. தெரிஞ்சுதான் பேசினேன்."

"சரி, அந்த வரி வேணாம். மனம் வருந்துகிறேன்னு மட்டும் சொல்லுங்க."

"வருத்தம் இல்லையே."

"இல்லாட்டி என்னம்மா, சும்மா சொல்றதுதானே."

"நான் குரல்தான் கொடுப்பேன் சார். பொய் முகம் வைக்க எனக்கு வராது."

தாளை நான்காக மடிக்காமல், கசக்காமல், எப்படி வாங்கினாளோ அப்படியே மேசையில் வைத்துவிட்டு வந்தாளாம். மறுநாளே அவளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். எங்கள் கூடத்துத் தொலைக்காட்சிப் பெட்டியையும் பழுதுபார்க்க வேண்டும் என்று கழற்றிக்கொண்டு போனார்கள். அதற்கு ஒரு பழுதும் இல்லை.

கீழ்த்தளத்தில் இருப்பது பிரிப்பறை. எல்லா வார்டுகளிலிருந்தும் அழுக்குத் துணி மூட்டையாக ஒரு குழாய் வழியே அங்கே வந்து விழும். அவிழ்த்து, ரத்தம் பட்டது தனியாக, மற்றது தனியாகப் பிரிக்க வேண்டும். சன்னல் கிடையாது. போர்வை மடிப்புக்குள் ஊசி, கண்ணாடித் துண்டு, சில நேரம் யாரோ ஒருவருடைய பல்செட்டுகூட வரும். கையில் போட்டுக்கொள்ள மெல்லிய ரப்பர் உறைதான். ஏற்கெனவே மூன்று பெண்கள் அங்கே இருந்தார்கள். தண்டனை வாங்கியவர்கள்தான் அங்கே போவார்கள் என்று மேலே ஒரு பேச்சு உண்டு. அந்த மூன்று பேரும் எந்தத் தப்பும் செய்யாமலே முதல் நாளிலிருந்து அங்கேயே இருந்தார்கள். அக்கா போன பிறகுதான் இதுவே எங்களுக்கு உறைத்தது.

அந்த வார விடுமுறையில் மகளும் மருமகனும் வீட்டுக்கு வந்தார்கள். அக்காவின் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து இவளே பேசிவிடுவதால் வீட்டில் அவருக்கு வேலை குறைவு. மருமகன் குடிநீர் வாரியத்தில் இருந்தார். பதவி உயர்வுக்குக் காத்திருந்தார். அக்காவின் மருமகன் என்று தெரிந்ததும் அலுவலகத்தில் சிலர் அவரைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்களாம்.

"அத்தை, அந்த மூணு வரியைப் படிச்சிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். எங்களை நினைச்சுப் பார்த்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

மகள் அதற்கும் மேலே போனாள். உனக்கு உன் வாய்தான் பெரிசு, நாங்கள் இல்லை என்றாள். அக்காவுக்கு அது சுருக்கென்று தைத்தது. எவருக்கும் உடனே பதில் வைத்திருக்கிறவள், அடுக்களைக்குள் போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றாளாம். அப்போதுதான் மெக்கானிக் பேசினார்.

"உங்கம்மா பேசாம இருந்த நாள் எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான்" என்றார் மகளிடம். "உன்னைப் பெத்துட்டு மயங்கிக் கிடந்தா. நான் என்ன கேட்டாலும் பதில் இல்ல. அப்படி இன்னொரு நாள் எனக்கு வேணாம்மா."

மருமகன் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். மகள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அவர் பின்னால் போனாள். சமாதானம் என்று ஒன்றும் ஆகவில்லை. இதை எனக்குச் சொன்னபோது அக்கா, அந்த மனுஷன் இத்தனை வருஷமும் சேமித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் செலவழித்துவிட்டார் என்றாள்.

எதிர்க்கட்சிக்காரர்களும் வந்தார்கள். வாசலில் வெள்ளைக் கார் நின்றது. உங்களுக்கு நடந்தது அநியாயம், எங்கள் கூட்டத்தில் மேடையேறி அந்தக் கத்தரிக்கோலைப் பேச வைக்க வேண்டும் என்றார்கள். என்ன பேச வேண்டும் என்றுகூட எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். அக்கா அவர்களுக்குத் தேநீர் கொடுத்தாள். குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

"போன ஆட்சியில உங்க தலைவர் ஒரு மரக்கன்னு நட்டாரே, குழி வெட்ட மறந்துட்டு? பூவாளியால தண்ணி மட்டும் ஊத்திட்டுப் போனாரே? அந்தக் கன்னுக்கும் நான்தான் குரல் கொடுத்தேன். அப்ப யாரும் படம் பிடிக்கல. மேடையில அதையும் சேர்த்துப் பேசிடலாமா?"

யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிரிப்பறைக்குப் போன அக்கா வாயை மூடிக்கொள்வாள் என்று மேலே நினைத்திருந்தார்கள். அங்கே பெட்டி இல்லாதது அவளுக்கு வசதியாகப் போயிற்று. வீட்டில் பார்த்த ஆட்டம், பாட்டு, செய்தி எல்லாவற்றையும் காலையில் வந்து அந்த மூன்று பெண்களுக்கும் நடத்திக் காட்டினாள். அவர்களில் ஒருத்தி, குடும்பத்துக்காக வேலைக்கு வந்த விதவை, வீட்டில் தொலைக்காட்சியே இல்லாதவள். பெனால்டி என்றால் என்ன என்று அவளுக்கு மூட்டைகளை வைத்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். தேநீர் வேளையில் நானும் இறங்கிப் போக ஆரம்பித்தேன். மடிப்பு மேசைக்காரியும் வந்தாள். கொஞ்ச நாளில் மேல்தளத்தில் தேநீர் குடிக்க ஆளில்லை.

அந்த விதவைப் பெண்ணின் விரலில் ஒருநாள் ஊசி ஏறியது. யாருக்குப் போட்ட ஊசியோ, போர்வைக்குள் மூடியில்லாமல் கிடந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனை செய்தார்கள். முடிவு தெரியக் காலம் ஆகும், அதற்குப் பிறகும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார்கள். நல்ல கையுறை கேட்டதற்கு, கேட்டு எழுதியிருக்கிறோம் என்று பதில் வந்தது.

விசாரணை அதற்கடுத்து வந்தது. தலைமை மருத்துவர் ஒரு பெண்மணி. அவர், நிர்வாக அதிகாரி, சுகாதாரத் துறையிலிருந்து வந்த ஒருவர் என மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம். பக்கத்தில் தட்டச்சர். படத்தில் நானும் தெரிந்ததால் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். நீங்கள் சிரித்தீர்களா என்று கேட்டார்கள். சிரித்தேன் என்றேன். உட்காரச் சொன்னார்கள். என் சாட்சியம் அவ்வளவுதான்.

துறைக்காரர் அந்தப் படத்தை ஓடவிட்டார். தாழ்வாரத்தில் ஆட்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதால் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டிருந்தார்.

"இந்தக் குரல் உங்களுதா?"

"எந்தக் குரல் சார்? ஒண்ணும் கேக்கலையே."

அவர் சத்தத்தைக் கூட்ட விரும்பவில்லை. "இந்த இடத்துல என்ன பேசினீங்கன்னு நீங்களே பதிவுக்குச் சொல்லுங்க" என்றார்.

அவர் கேட்டது அப்படி. அக்கா நாற்காலியை விட்டு எழுந்து, திரையைப் பார்த்தபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். அமைச்சருக்கு ஒரு குரல், கத்தரிக்கோலுக்கு ஒரு குரல், கைதட்டலாமா வேண்டாமா என்று தவிக்கும் கூட்டத்துக்கு ஒரு குரல். அன்று எங்கள் சிரிப்பில் அமுங்கிப்போன நாடாவின் வரியும் வந்தது. "என்னை விட்டுடுங்கய்யா, இந்தப் பாலத்துல நிலையா நிக்கிறது நான் ஒருத்திதான்." தாழ்வாரத்தில் யாரோ செருமினார்கள். தலைமை மருத்துவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் அசைந்தது. தட்டச்சர் கை தூக்கினார்.

"மன்னிக்கணும். 'வெட்ட மாட்டேன்'னு சொல்றது அமைச்சரா, கத்தரிக்கோலா?"

"கத்தரிக்கோல்தான். அமைச்சர் அப்படி உண்மையைச் சொல்லியிருந்தா நான் எதுக்குப் பேசப்போறேன்?"

துறைக்காரர் முகம் சிவந்துபோனார். இப்படிப் பேச உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்று கேட்டார். அக்கா கொண்டுவந்திருந்த துணிப்பையிலிருந்து ஒரு ரப்பர் உறையை எடுத்து மேசையில் போட்டாள். ஆள்காட்டி விரலில் ஓட்டை. உள்ளே காய்ந்த ரத்தம்.

"நான் பேசினதுல யாருக்கும் ரத்தம் வரல" என்றாள். இப்போது அது அவளுடைய சொந்தக் குரல். "இது எங்ககூட வேலை செய்யறவளோட கையுறை. அவளுக்கு என்ன ஆகப்போகுதுன்னு தெரியாம அவ பிள்ளைங்க உட்கார்ந்திருக்கு. ஒரு நாடாவுக்காக மூணு பேர் உட்கார்ந்து விசாரிக்கிறீங்க. இதுக்கு யார் உட்காருவா?"

இது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது, பதிவில் வேண்டாம் என்றார் துறைக்காரர். தலைமை மருத்துவர் சன்னலிலிருந்து திரும்பினார். அவர் சிரிப்பு போயிருந்தது. இருக்கட்டும், எழுதுங்கள் என்றார் தட்டச்சரிடம்.

தீர்ப்பு என்னவோ அக்காவுக்குப் பாதகமாகத்தான் வந்தது. கண்டனம், ஓய்வு பெறும் வரைக்கும் பிரிப்பறை. மேல்முறையீடு செய்யச் சொல்லி நாங்கள் நச்சரித்தோம். அங்கிருந்து நான் வந்துவிட்டால் என் இடத்துக்கு இன்னொருத்தியைத்தானே தள்ளுவார்கள் என்று கேட்டாள்.

கையுறை மட்டும் வரவே இல்லை. கேட்டபோதெல்லாம், வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். ஒருநாள் காலை அக்காவும் அந்த மூன்று பெண்களும் மூட்டையை அவிழ்க்கவில்லை. சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார்கள். மூட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன. குவியல் உயர்ந்து குழாயின் வாயை அடைத்தது. மேலே துவைக்கத் துணி வராமல் எந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஓர் அமைதியை நான் அந்தக் கூடத்தில் கேட்டதில்லை. மேற்பார்வையாளர் எங்களைக் கீழே போய்ப் பிரிக்கச் சொன்னார். நாங்கள் போகவில்லை.

நிர்வாக அதிகாரி மூச்சிரைக்க இறங்கி ஓடினார்.

"வார்டுல விரிக்கப் போர்வை இல்லம்மா. நோயாளிங்க என்ன பாவம் செஞ்சாங்க?"

"அவங்க ஒண்ணும் செய்யல சார். நாங்களும் ஒண்ணும் செய்யல. கையுறை வந்தா கை வரும்."

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தோட்டப் பராமரிப்புக் கிடங்கிலிருந்து முரட்டுத் தோல் கையுறைகள் வந்தன. முழங்கை வரைக்கும் நீளம், முள் குத்தினாலும் இறங்காது. அதற்குள் கையை விட்ட பிறகுதான் முதல் மூட்டை அவிழ்ந்தது. பிற்பாடு அவர்களுக்கென்றே அளவானவை வந்து சேர்ந்தன. ஊசி குத்திய பெண்ணுக்கு இரண்டாவது பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது. அன்றைக்கு அவள் இனிப்பு வாங்கிவந்தாள்.

எல்லாம் கூடி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மருமகனுக்கு அந்தப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. காரணம் அக்காவின் வாயா, அவருடைய வேலையா என்று யாருக்கும் தெரியாது. அவர் காரணத்தை முடிவு செய்துவிட்டார். மகள் மட்டும் தனியாக வந்து போகிறாள். வந்தால் அப்பாவோடு உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறாள். அம்மாவிடம் பட்டும் படாமலும் பேசுகிறாள். அந்த விஷயத்தில் அக்கா யாரிடமும் வேடிக்கையாகப் பேசுவதில்லை.

போன வாரம் நான் கீழே போனபோது பெண்கள் கால்பந்து இறுதி ஆட்டத்தைப் பற்றிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. அக்கா நடத்திக் காட்டியதை மட்டும் வைத்துக்கொண்டே, பெனால்டி கொடுத்தது சரியே என்று அந்த விதவைப் பெண் அடித்துப் பேசினாள். நடுவரின் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்றாள் அக்கா. தரையெல்லாம் ஈரம். ஏதோ ஒரு வார்டுத் துணியிலிருந்து கசிந்த மருந்துத் தண்ணீர் அவர்கள் செருப்பு நனைய ஓடிக்கொண்டிருந்தது. அப்போது நிர்வாக அதிகாரி வந்தார். இப்போதெல்லாம் கூப்பிடாமலே வருகிறார். அவரைப் பார்த்ததும் அக்கா, முழங்கால் வரைக்கும் வருகிற பூட்ஸ் நான்கு சோடி கேட்டிருந்தோமே, என்ன ஆயிற்று என்றாள். அவர் கூரையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பேச்சை மாற்ற நினைத்து, நேற்று ஆட்டம் பார்த்தீர்களா என்று கேட்டார்.

"பார்த்தேன் சார்" என்றாள் அக்கா. "எல்லாரும் பூட்ஸ் போட்டிருந்தாங்க."